மூன்றாம் வரிசைக்குத் தண்ணீர்

குமுதவல்லி டீச்சருக்குச் செவ்வாய் தோஷமாம். ஊரில் பதினோரு வரன் தட்டிப்போனதாம். பன்னிரண்டாவது வீட்டுக்காரர்களும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு, "சரி, நான் அங்கேயே போய் இருந்துக்கிறேன்" என்று செவ்வாய்க் கிரகத்துப் பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். மூன்றாம் குகையில் இதை நம்பாதவர் கிடையாது. குமுதவல்லி மறுத்ததும் கிடையாது. மறுத்தால் இதைவிட மோசமாக இன்னொன்று கிளம்பும் என்று, வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள்.

செவ்வாயின் தரைக்கு அடியில் குடைந்த குகை அது. அறுபது குடும்பங்கள், ஒரே நீளத் தாழ்வாரம், எதிரும் புதிருமாகக் கதவுகள். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறு" என்பார்கள். குமுதவல்லிக்கு நேர் எதிர்க்கதவு ஜெபக்கனியுடையது. தூத்துக்குடிப் பக்கம். துணிகளைத் தண்ணீர் இல்லாமல் உதறியே வெளுக்கும் கூடத்தில் வேலை. எந்த வீட்டுச் சட்டையில் எந்த வீட்டு மணம் அடிக்கிறது என்பது வரைக்கும் தெரிந்தவள். அவளுடைய மகள் பிளெஸ்ஸி எட்டாம் வகுப்பு. அம்மாவின் மூக்கை அப்படியே உரித்து வைத்திருந்தாள், உருவத்திலும் சரி, உபயோகத்திலும் சரி.

எட்டாம் வகுப்புப் பாடத்தில் 'விதைகளும் நீரும்' என்று ஒன்று உண்டு. மற்றக் குகைகளில் படம் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். குமுதவல்லி மாட்டேன் என்றாள். "இங்கே பிறந்த பிள்ளைங்க சார். பயிர் வளர்ப்புக் கூடத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்ததோட சரி. ஒரு செடியைத் தொட்டதில்லை" என்று நீர் அதிகாரி கோதண்டத்தின் அறைக்கு நாலு தடவை நடந்தாள். ஐந்தாம் தடவை அவர் கையெழுத்துப் போட்டார். அவளுடைய வாதம் எடுபட்டு அல்ல, ஆறாம் தடவை வருவாளே என்ற பயத்தில் என்றுதான் பேச்சு.

"தினம் ரெண்டு லிட்டர். ஒரு மாசம்தான் பார்ப்பேன்" என்றார் கோதண்டம். "உருப்படியா ஏதாவது தெரிஞ்சா தொடரலாம். இல்லேன்னா தொட்டியெல்லாம் எடுத்துடணும். அப்புறம் அழக்கூடாது."

நாற்பத்தெட்டுக் கண்ணாடித் தொட்டிகள், நாலு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் பச்சைப்பயறு மூன்று, கொள்ளு மூன்று, வெந்தயம் மூன்று, கம்பு மூன்று. முதல் நாள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டு விதைத்தார்கள். பிள்ளைகள் மண்ணில் விரல் வைக்கப் போட்ட சண்டையில் ஒருத்தனுக்கு மூக்கு உடைந்தது. அவனும் மண் கையோடுதான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான், கழுவ மாட்டேன் என்று.

தண்ணீர் விடும் வேலை ஓர் இயந்திரக் கைக்கு. சுவரோரத் தண்டவாளத்தில் நகரும், பேச்சைக் கேட்டு நடக்கும். பிள்ளைகள் அதற்குத் தண்ணிவண்டி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு மனிதர்களிடையே என்ன அர்த்தம் என்று தெரிந்த அப்பாக்கள் சிலர் கொஞ்சம் அசடு வழிந்தார்கள்.

குமுதவல்லி கம்பம் பக்கம். எந்தச் சொல்லையும் இழுத்துத்தான் பேசுவாள். 'பல்' என்றால் 'பால்' என்று கேட்கும். அந்த இழுவையோடு தண்ணிவண்டிக்கு உத்தரவு கொடுத்தாள்: "முதல் வரிசைக்குத் தினம் ஒரு டம்ளர் ஊத்து. ரெண்டாவதுக்கு அரை டம்ளர் ஊத்து. மூணாவதுக்கு லேசாத் தண்ணி கட்டு. நாலாவதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை அவள் ஊரில் தண்ணி கட்டுவது என்பார்கள். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. தண்ணிவண்டி பச்சை விளக்கைச் சிமிட்டி, "புரிந்தது" என்றது.

பன்னிரண்டாம் நாள் கோதண்டம் வந்தார். தொட்டிகளை எடுத்துவிடச் சொல்லும் முகத்தோடுதான் வந்தார் என்று பிளெஸ்ஸி பிற்பாடு சத்தியம் செய்தாள். முதல் வரிசையைப் பார்த்து 'ம்' என்றார். இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. மூன்றாம் வரிசையில் நின்றுவிட்டார்.

கண்ணாடி வழியே வேர்கள் தெரிந்தன. மற்ற வரிசைகளில் விரல் நீளம்தான். மூன்றாம் வரிசையில் கொள்ளின் வேர் ஒரு சாண் இறங்கி, தொட்டியின் அடியைத் தொட்டு, திரும்பிச் சுவர்ப் பக்கமாக ஊர்ந்திருந்தது. கம்புகூட அப்படித்தான். இலை சின்னதுதான். ஆனால் வேர்! அத்தனையும் ஒரே பக்கமாக, பந்தியில் இலை போட்ட சத்தம் கேட்ட கூட்டம் மாதிரி.

"இதுக்கு எவ்வளவு தண்ணி?"

"லேசா சார். ஒரு ஸ்பூன் இருக்கும்."

"ஸ்பூனா!" கோதண்டத்தின் கண் கலங்கியதைக் குமுதவல்லி பார்த்தாள். ஒரு கொள்ளுச் செடிக்கு இவ்வளவா என்று வியந்தாள். "டீச்சரம்மா, மாசக் கடைசியிலேர்ந்து வளர்ப்புக் கூடத்துக்கும் ஸ்பூன்தான். உங்க வகுப்புக்கு நான் இருக்கிறவரைக்கும் தண்ணி உண்டு. எழுதியே தரேன்."

அன்று முழுக்கக் குமுதவல்லி தரையில் கால் பாவாமல் நடந்தாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர்களைப் பார்த்துத் தானாகவே சிரித்தாள். இரண்டு வருஷத்தில் நடக்காத சங்கதி. மாப்பிள்ளை அமைந்துவிட்டதோ என்று ஜெபக்கனிக்கு முதல் சந்தேகம் அன்றைக்குத்தான்.

மறுநாள் பிளெஸ்ஸி கெடுத்தாள். ஒரு ஸ்பூன் என்றால் எந்த ஸ்பூன், டீ ஸ்பூனா கறி ஸ்பூனா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஏ தண்ணிவண்டி, மூணாம் வரிசைக்கு எவ்வளவு ஊத்துன?"

"மூன்றாம் வரிசைக்கு ஊற்றும் ஆணை இல்லை" என்றது இயந்திரம். "ஆணைப்படி லேசாகத் தண்ணீர் காட்டப்பட்டது."

"காட்டுனியா? எப்படி?"

"தினமும் காலை, வகுப்பு தொடங்கும் முன் அரை மணி நேரம், சுவரில் தண்ணீர் ஓடும் கண்ணாடிக் குழாயோடு தொட்டிகளை ஒட்டி வைத்து. பிறகு பழைய இடத்தில் வைக்கப்பட்டன."

வகுப்பு ஓவென்று சிரித்தது. "டீச்சர், செடிக்கே தண்ணி காட்டிட்டீங்க!" என்று ஒருத்தன் பெஞ்சில் தாளம் போட்டான். குமுதவல்லியும் சிரித்தாள். கட்டு என்பதைக் காட்டு என்று இழுத்த தன் நாக்கை நினைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப அது தண்ணியே குடிக்கலையா டீச்சர்? பின்ன எப்படி வளர்ந்துச்சு?" என்றாள் பிளெஸ்ஸி.

"முதல் நாள் ஈரம்தான். குழாயில தண்ணி ஓடுற அதிர்வு வேருக்குத் தெரியும். பக்கத்துல தண்ணி இருக்குன்னு நம்பி, தேடிப் போயிருக்கு."

"தினமும் தேடிச்சா?"

"தினமும்."

இதைக் கோதண்டத்திடம் சொன்னால் வகுப்புத் தண்ணீர் போச்சு. சொல்லாவிட்டால் வளர்ப்புக் கூடத்துப் பயிர் போச்சு. அறுபது குடும்பத்துச் சாப்பாடு அது. குமுதவல்லி ஆறு நாள் சொல்லவில்லை. அவளைத் தெய்வம் என்று இப்போது பேசுகிறவர்கள் இந்த ஆறு நாளை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். விட வேண்டியதில்லை. அந்த ஆறு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு நப்பாசை மட்டும் இருந்தது. குழாய் எங்காவது கசிந்து, தொட்டிக்கு ஒரு சொட்டாவது போயிருக்காதா? குழாயில் பரிசோதனைக்கு என்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதன் வழியே சாயம் விட்டால் கசிவு மண்ணில் தெரிந்துவிடும். சாயத்துக்கு எதிர்க்கதவைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் கேசரிப் பவுடர் இருக்குமா?"

ஜெபக்கனிக்கு மூச்சு நின்று வந்தது. கேசரிப் பவுடர்! முதிர்கன்னி ஒருத்தி, முந்தாநாள் தானாகச் சிரித்த ஒருத்தி, கேசரிப் பவுடர் கேட்டால் என்ன அர்த்தம்? "இருக்கு டீச்சர், எம்புட்டு வேணும்? எத்தன பேரு வாராவ?"

"யாரு?"

"சரி சரி, சொல்லாண்டாம். நான் யாருட்ட சொல்லப் போறேன்?"

அரை மணி நேரத்தில் தாழ்வாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது: டீச்சரைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை இரண்டாம் குகை எலக்ட்ரீஷியன் என்று ஒரு கட்சி, கோதண்டமேதான் என்று ஒரு கட்சி.

வகுப்பறையில் சாயம் குழாயில் இறங்கி ஓடியது. மண்ணில் ஒரு பொட்டு ஆரஞ்சு கிடையாது. கசிவு இல்லை, நப்பாசையும் இல்லை. ஓடிய சாயம் பொதுத் தொட்டித் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும் என்று குமுதவல்லி நினைத்தாள். அப்படித்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். எண்பது கிலோமீட்டர் தள்ளிப் பனிக்கட்டிச் சுரங்கம். அங்கே இயந்திரங்கள் மட்டும்தான், மனிதர் போவதில்லை. அங்கிருந்து உருக்கிய புதுத் தண்ணீர் தினம் காலையில் இந்தக் குழாய் வழியாகக் குகை முழுக்கச் சலசலத்து ஓடி, பொதுத் தொட்டியில் விழுகிறது என்பது ஏற்பாடு. அந்தத் தொட்டியிலிருந்து ஆளுக்கு நாலு லிட்டர். எல்லா வீட்டுச் சமையலறையிலும் ஒரு சாண் கண்ணாடிக் குழாய், ஓடுவதைப் பார்த்துக்கொள்ள.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. "டீச்சர், ஒங்க கேசரி எங்க வீட்டுக் குழாய்ல ஓடுது" என்றாள் ஜெபக்கனி.

"மன்னிச்சுக்கங்க அக்கா, நாளைக்குப் போயிடும்."

அடுத்த நாளும் ஓடியது. மூன்றாம் நாள் ஜெபக்கனி குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள். அவள் குரல் தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "டீச்சர், நான் படிக்காதவ. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தினம் புதுத்தண்ணி வருதுன்னா நிறம் வெளுக்கணும்லா? மூணு நாளா அதே நிறம். சமையக்கட்டுலயே நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். வந்த தண்ணிதான திரும்பத் திரும்ப வருது?"

குமுதவல்லியும் வகுப்பறைக் குழாயை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்குள் மூன்றாம் வரிசை தலை தொங்கியிருந்தது. வேர் மட்டும் நீளம். தண்டில் ஒன்றும் இல்லை. பதினெட்டாம் நாள் பன்னிரண்டு தொட்டியும் முடிந்தது. நாலாம் வரிசையை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. முதல் நாள் ஈரத்தில் இரண்டு விரற்கடை வளர்ந்து, இலையை உதிர்த்துவிட்டு, வேரைக் குட்டையாக வைத்துக்கொண்டு சும்மா நின்றது. அதில் ஒரு கொள்ளுக்குக் குமுதவல்லி தன் குடிதண்ணீரில் ஒரு ஸ்பூன் விட்டாள். மறுநாள் அது துளிர்த்திருந்தது.

செத்த தொட்டி ஒன்றையும் துளிர்த்த தொட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோதண்டத்தின் அறைக்குப் போனாள். தாழ்வாரமே கதவிடுக்கில் நின்று பார்த்தது. கோதண்டம் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"சார், நீங்க பார்த்த மூணாம் வரிசைக்குத் தண்ணியே ஊத்தலை. என் தப்பு. சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. இப்ப செத்துப்போச்சு" என்று தொட்டியை மேஜைமேல் வைத்தாள். "இன்னொண்ணு. சுரங்கத்துத் தண்ணி எப்ப நின்னுச்சு?"

கோதண்டம் எழுந்து கதவைச் சாத்தினார். உட்காராமல் அதிலேயே சாய்ந்துகொண்டார். "ஏழு மாசம் ஆச்சும்மா."

"குழாயில ஓடுறது?"

"அதே தண்ணிதான். ஒரு பம்பு வெச்சுக் குழாய்க்குள்ளேயே சுத்த விடறேன். சத்தம் நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ரெண்டாம் குகையில ரெண்டே நாள் சத்தம் நின்னுது, பயந்து பொதுத் தொட்டியை உடைச்சுட்டாங்க. மிச்சமிருந்ததும் தரையில போச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழுது பார்க்கப் பூமியிலேர்ந்து கப்பல் வர அஞ்சு மாசம். இருக்கிற தண்ணி நாலு மாசம்கூடத் தாங்காது. வேற வழி தெரியாமத்தான் இருந்தேன். உங்க ஸ்பூனைப் பார்த்ததும் எனக்கு உயிரே வந்துது."

கொள்ளுச் செடிக்கு ஏன் கண் கலங்கினார் என்று குமுதவல்லிக்கு இப்போது புரிந்தது. ஏழு மாதமாகத் தனியாகச் சுமந்திருக்கிறார் மனிதர். திட்ட வந்தவளுக்குத் திட்டு வரவில்லை.

"சார், இதுங்களைப் பாருங்க. இதுக்குத் தண்ணி இருக்குன்னு சத்தம் கொடுத்தோம். நம்பி, இருந்ததையெல்லாம் செலவழிச்சிடுச்சு. இந்த நாலாம் வரிசைக்கு ஒண்ணுமே சொல்லலை. இல்லைன்னு தெரிஞ்சதும் தன்னைச் சுருக்கிக்கிட்டு உயிரை வெச்சிருக்கு."

"மனுஷங்க கொள்ளு இல்லம்மா."

"இல்லைதான். கொள்ளு பக்கத்துத் தொட்டிகிட்ட பேசாது. இவங்க பேசிக்குவாங்க."

கோதண்டம் அந்தத் துளிரை விரலால் தொட்டுப் பார்த்தார். "உண்மையைச் சொன்னா முதல்ல நிறுத்த வேண்டியது உங்க வகுப்புத் தண்ணியைத்தான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்" என்றாள். அந்தச் சொல்லை மட்டும் இழுக்கவில்லை.

அன்று மாலையே சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். கல்யாண அறிவிப்பு என்று நினைத்துப் பாதிப்பேர் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். கோதண்டம் சுவரோரமாக நின்றுகொண்டார். குமுதவல்லிதான் எழுந்தாள். தன் நாக்கு இழுத்ததில் தொடங்கினாள், கூடம் சிரித்தது. கேசரிக்கு வந்தாள், இன்னும் சிரித்தது. சுரங்கத்துக்கு வந்தாள்.

சிரிப்பு நின்ற பிறகு ஒரு நாற்காலி கீழே விழுந்தது. யாரோ, "ஏழு மாசமா ஏமாத்தினீங்களா?" என்று கத்தினார்கள். கோதண்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்போது ஜெபக்கனி எழுந்தாள்.

"அந்த ஆளைப் பெறகு பாத்துக்கிடலாம், எங்க ஓடிரப் போறாரு? அஞ்சு மாசத்துக்கு என்ன செய்யணும், அதச் சொல்லுங்க டீச்சர். நான் கேசரியப் பாத்த மறுநாளே தினம் ரெண்டு செம்பு எடுத்து வைக்க ஆரம்பிச்சாச்சு. கட்டிலுக்கு அடியில இருக்கு. எங்க வரிசைல நாலஞ்சு வீட்டுக்கும் சொன்னேன். ரகசியமாத்தான் சொன்னேன்."

"எங்களுக்கும் சொன்னாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்களுக்கும்" என்றது இன்னொன்று. கடைசியில் பார்த்தால் அறுபது வீட்டில் நாற்பத்திரண்டு வீட்டுக் கட்டிலடியில் தண்ணீர் இருந்தது. நாலு லிட்டர் மூன்று ஆனது. வளர்ப்புக் கூடத்துக்குத் தேவையானது போகும். பம்பை நிறுத்துவது என்று முடிவானது. வகுப்புத் தண்ணீரை நிறுத்த யாருக்கும் மனமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கை தூக்கியவள் குமுதவல்லி. அவள் தூக்கிய பிறகுதான் மற்றவர்கள், அதுவும் தோளுக்கு மேல் போகாமல், தூக்கினார்கள்.

மறுநாள் சலசலப்பு இல்லாமல் விடிந்தது. வகுப்பில் செத்த வரிசையைக் கொட்டி, அதே தொட்டிகளில் மறுபடி விதைகளை வைத்தாள் குமுதவல்லி. "இனிமே எல்லாமே நாலாம் வரிசைதான். எதுக்கும் ஊத்தக் கூடாது. தண்ணி இல்லாம என்னென்ன எத்தனை நாள் தாங்குதுன்னு பார்ப்போம். இதுவும் சோதனைதான்." பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளும்தான்.

பத்து நாளில் சோதனை தாறுமாறாகப் போனது. காய வேண்டிய பச்சைப்பயறு தளதளவென்று நின்றது. கம்பு நாலு இலை விட்டது. புதிதாக வைத்த விதைகள் முளைத்தன. வெந்தயம் காயாமல், அழுகிப்போயிற்று.

"நீ ஊத்தினியா?" என்று தண்ணிவண்டியைக் கேட்டாள்.

"ஆணை இல்லை. ஊற்றவில்லை."

பிள்ளைகளைக் கேட்டாள். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். ஜெபக்கனியைக் கேட்டாள். "நானா? நான் அந்தப் பக்கமே வாரதில்லயே டீச்சர்" என்றாள், சேலை நுனியில் ஈர மண்ணோடு. கோதண்டத்தைக் கேட்டாள். அவர் கையிலிருந்த ஸ்பூனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இப்போதெல்லாம் காபியில் சர்க்கரை கரைவதில்லை என்றார்.

அறுபது வீடு. குடிக்கிற மூன்று லிட்டரில் ஆளுக்கு ஒரு ஸ்பூன். அடுத்த வீட்டுக்காரர் ஊற்றியது தெரியாமல் இவர், இவர் ஊற்றியது தெரியாமல் அவர். மூன்றாம் குகை தோண்டப்பட்ட நாளிலிருந்து, யாரும் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

பிளெஸ்ஸி சோதனை நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தாள். "டீச்சர், எவ்வளவு தண்ணின்னு எழுத?"

"தெரியாதுன்னு எழுது."

"யாரு ஊத்தினாங்கன்னு?"

"அதையும் தெரியாதுன்னே எழுது."

"முடிவு?"

"சோதனை கெட்டுப்போச்சுன்னு எழுது. அதான் உண்மை."

பிளெஸ்ஸி எழுதினாள். குமுதவல்லி கையெழுத்துப் போட்டாள். பிறகு ஓர் அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதி, வகுப்பறைக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் போகிறவர்கள் கண்ணில் படும் உயரத்தில் மாட்டினாள்:

'தயவுசெய்து வெந்தயத்துக்கு மட்டும் ஊற்ற வேண்டாம்.'